ரை ரொட்டியும் சவுனாவும் அப்போதும் இருந்தன

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நார்டிக் (பின்லாந்து, சுவீடன் போன்ற வட ஐரோப்பிய நாடுகளின்) உணவுமுறை பற்றிய கட்டுரையை வாசித்தேன். ஓட்ஸ், ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் ரொட்டி, காட்டுப் பெர்ரி, மீன், சவுனா என்ற சூடான நீராவி அறைக் குளியல் என்று நல்லவற்றைத்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 'பாட்டன் பூட்டன் சாப்பாட்டை விடாததால்தான் அந்த மக்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்' என்ற வாதம் தொண்டையில் இறங்கவில்லை. நான் குடும்பத்தோடு வசிப்பது பின்லாந்தின் கிழக்கே, வடக்கு கரேலியா மாகாணத்தின் யோயன்சூ நகரில். இந்த ஊர்ப் பாட்டன்மாரின் கதை வேறு.

1960களின் கடைசியில் உலகத்திலேயே இதய நோயால் அதிகம் செத்துக்கொண்டிருந்தவர்கள் பின்லாந்து ஆண்கள். அதிலும் மோசம் வடக்கு கரேலியா. செத்தவர்களில் பலர் மரம் வெட்டிகள், சிறு விவசாயிகள். உட்கார்ந்து தொப்பை வளர்த்தவர்கள் அல்லர். சுத்தமான காற்று, ஏரி மீன், ரை ரொட்டி, சனிக்கிழமை சவுனா எல்லாமே அவர்களுக்கு இருந்தன. கட்டுரை ஆரோக்கியத்துக்குக் காரணம் என்று அடுக்குவதில் பாதிக்கு மேல் அனுபவித்தவர்கள்தான் நாற்பதிலும் ஐம்பதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள்.

ரொட்டியில் குறையில்லை, அதன்மேல் அப்பிய வெண்ணெயில்தான் வினை. சாப்பாட்டோடு கொழுப்பெடுக்காத பால் டம்ளர் டம்ளராக. பன்றிக் கொழுப்பு, உப்பில் ஊறிய மீன். காய்கறி என்றால் மாட்டுக்குப் போடுவது என்ற நினைப்பு. ஆண்களில் பாதிப்பேர் புகைபிடித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. போருக்குப் பிறகு இந்தக் குளிர்ச்சீமையில் சிறு குடும்பங்களுக்குப் பிழைப்பே கறவை மாடுதான். வீட்டில் இருந்ததைத் தின்றார்கள்.

1971இல் மாகாணத்து மக்கள் பிரதிநிதிகள் இந்த இதய நோய்ச் சாவுகளைக் குறைக்க உதவி கேட்டு அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வடக்கு கரேலியா திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்ற பெக்கா புஸ்கா என்ற மருத்துவருக்கு அப்போது வயது 27. மருந்து மாத்திரையை நம்பி இறங்கவில்லை அவர், சமையற்கட்டுக்குள் போனார். அதற்குத் துணை நின்றது மார்த்தா என்ற பெண்கள் சங்கம். கரேலியக் கறி என்று இங்கே ஒரு குழம்பு உண்டு: கொழுப்புள்ள இறைச்சி, உப்பு, தண்ணீர் சேர்த்து அடுப்பில் மணிக்கணக்காக வேகவிடுவது. கறியைப் பாதியாகக் குறைத்து, லன்ட்டு என்ற டர்னிப் இனக் கிழங்கையும் கேரட்டையும் வெட்டிப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். என் பக்கத்து வீட்டு மூதாட்டி இன்றும் இப்படித்தான் செய்கிறார். கிழங்கு கறிச்சாற்றில் ஊறிக் கரையும் தறுவாயில் இருக்கும். உப்பு குறைவென்று தோன்றாது. இந்த வகைச் சமையலைத்தான் கட்டுரை பாரம்பரியம் என்கிறது. என் கணக்கில் அதற்கு ஐம்பது வயதுதான் ஆகிறது.

வீட்டோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. குளிரைத் தாங்கும் ரேப்சீட் (நம் கடுகின் பங்காளிதான்) உள்நாட்டிலேயே விளைந்து, வெண்ணெய்க்கு மாற்றாக அதன் எண்ணெய் வந்தது. பால் பண்ணைக்காரர்கள் சிலரைப் பெர்ரி சாகுபடிக்குத் திருப்பினார்கள். உப்பு அதிகமுள்ள பொட்டலத்தில் அதை அச்சிட்டே ஆகவேண்டும் என்று 1990களில் சட்டம் வந்தது. நாற்பது ஆண்டுகளில் இந்த மாகாணத்தில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பு.

பிற்கால ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. 2011இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் ஆறு வாரம் நார்டிக் உணவு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. ஆனால் அந்தத் தட்டில் இருந்தவை ஓட்ஸ், பார்லி, காய், பெர்ரி, மீன், ரேப்சீட் எண்ணெய். பாட்டன் வீட்டு வெண்ணெய்க் கட்டி அங்கே இல்லை. சவுனா விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் தேவை. வாரத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ சவுனா போகும், கிழக்குப் பின்லாந்தின் குவோப்பியோ பகுதி ஆண்களுக்குத் திடீர் இதயச் சாவு குறைவு என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் உடம்பில் தெம்பு இருப்பவர்தானே அத்தனை முறை போவார்? நானும் வாராவாரம் போகிறேன், சுகமாகத்தான் இருக்கிறது. ஆயுளுக்கு அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, பெட்டிச் செய்தியில் சால்மனும் ப்ளூபெர்ரியும் வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஊர்ச் சந்தையில் அதிகம் வாங்குவது முய்க்கு என்ற ஏரி மீன். விரல் நீளம்தான் இருக்கும். நெத்திலியை வறுப்பதுபோல ரை மாவில் புரட்டி, முள்ளோடு வறுத்துத் தின்பார்கள். சென்னையில் இருப்பவர் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து சால்மன் வாங்கித்தான் நார்டிக் ஆகவேண்டும் என்பதில்லை. அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்தி, அதில் எங்குமே இல்லாத உப்பைப் பற்றியும் சேர்த்து அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
யோயன்சூ, பின்லாந்து.