ஆங்கில முகாமில் பேச வேண்டியவர்கள் குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளிலிருந்து வரும் இளம் தன்னார்வலர்கள் வடசென்னைக் குழந்தைகளோடு அமர்ந்து ஆங்கிலம் பேசிப் பழக்கும் வார இறுதி முகாம் ஒன்று எங்கள் பகுதியில் நடைபெறுகிறது. அந்த முயற்சியை மனமார வரவேற்கும் அதே வேளையில், அது நடத்தப்படும் முறையைப் பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இத்தகைய பயிற்சிக்குத் தேவை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது; 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளும் தொடங்கப்பட்டன. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே என்பதால், பாடத்தை முடித்தாக வேண்டிய ஆசிரியர், தேர்வில் கேட்கப்படுவதைத்தான் நடத்துகிறார்; அவரைக் குறை சொல்வதற்கில்லை. கட்டுரையைப் பிழையின்றி எழுதும் மாணவி, எதிரில் இருப்பவர் பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வது இதனால்தான். மொழி தெரியாமையைவிட, தவறாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சமே அவளைத் தடுக்கிறது.

வெளிநாட்டு விருந்தினர் உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான். அவர்களது உச்சரிப்பைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதே குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு, ஏனெனில் சொல்ல நினைப்பதை எப்படியாவது ஆங்கிலத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். மேலும் வருபவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியே அன்று. அவர்களும் சொல் கிடைக்காமல் திணறுகிறார்கள், இலக்கணம் பிசகுகிறார்கள், அதற்காகச் சிறிதும் வெட்கப்படாமல் பேச்சைத் தொடர்கிறார்கள். வகுப்பறையில் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் வராத துணிவு, இதைக் கண்ணால் பார்க்கும் குழந்தைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் முகாமின் நேரத்தில் பெரும்பகுதி அபிநயப் பாடல்களிலும், தன்னார்வலர் சொல்ல அனைவரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வதிலும், குழுப் புகைப்படங்களிலும் கழிந்துவிடுகிறது. நாற்பது குழந்தைகள் கூடிக் கத்துவது பேச்சுப் பயிற்சி ஆகாது. நான்கைந்து பேருக்கு ஒரு தன்னார்வலர் என்று பிரித்து அமர்த்தி, விருந்தினருக்குத் தெரியாத, தங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைக் குழந்தைகள் விளக்கும்படி செய்யலாம். கேரம் பலகை ஒன்று போதும். ‘ரெட்’ எனும் சிவப்புக் காயைப் போட்டால் அடுத்து ‘ஃபாலோ’வாக இன்னொரு காயையும் போட வேண்டும், ஸ்ட்ரைக்கர் பைக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் ஒரு வெளிநாட்டவருக்குப் புரியவைப்பதற்குள் எத்தனை வாக்கியங்கள் பேச வேண்டியிருக்கும்! 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண்தான் என்று சொல்லும்போது அக்குழந்தையின் குரலே மாறும். காசிமேட்டில் மீன் ஏலம் போவதையும், 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டதையும் இப்படியே சொல்ல வைக்கலாம்.

அடுத்தது தொடர்ச்சி. தன்னார்வலர்கள் சில வாரங்களில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். புதியவர்கள் வரும்போது மீண்டும் பெயர், வயது, பிடித்த நிறம் என்று முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்ப நம் கல்லூரி மாணவர்களால் முடியும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயர் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி ஆகியவற்றின் மாணவர்கள் அந்த நேரத்தில் ஒரு பகுதியை இம்முகாம்களுக்கு ஒதுக்கினால், ஒவ்வொரு குழந்தையும் எதுவரை பேசப் பழகியிருக்கிறது என்று அறிந்த ஒருவர் எப்போதும் உடனிருப்பார். அக்கல்லூரி மாணவர்களுக்கும் வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு முன் ஆங்கிலம் பேசிப் பழக இது நல்ல வாய்ப்பு.

ஞாயிறு காலையில் முகாம் வைப்பதும் மறுபரிசீலனைக்கு உரியது. மீன் வியாபாரம் மும்முரமாக இருக்கும் அந்த நேரத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பெற்றோருக்குத் துணையாக நிற்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகல் என்றால் அவர்களும் வர முடியும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றிக் குழந்தைகளின் படங்களைச் சமூக வலைத்தளங்களில் வெளியிடுவதை அமைப்பாளர்கள் அறவே தவிர்க்க வேண்டும். பள்ளி ஆசிரியர் ஒருவர் முகாம் முடியும்வரை உடனிருப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மாநகராட்சிக் கல்வித் துறை, முகாம் அமைப்பாளர்களையும் இக்கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களையும் ஒருமுறை அழைத்துப் பேசி, வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே ஓரிரு பள்ளிகளிலாவது இம்முறையை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.