பைத்தான் ஷெல்லில் தங்கும் பழைய மதிப்புகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி, அரூர், பாலக்கோடு பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் நிரலை ஒரு ஜன்னலில் எழுதி, இன்னொன்றில் ஒட்டி ஓட்ட வேண்டியதில்லை. நிரல் எழுத உதவும் இலவச மென்பொருளான ஈமேக்ஸில் பைத்தான் நிரல்மொழிக் கோப்பைத் திறந்து கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-பி அழுத்தினால் ஷெல், அதாவது நிரலை உடனே ஓட்டிக் காட்டும் ஜன்னல், தொடங்கும். கன்ட்ரோல்-சி இருமுறை அழுத்தினால் முழுக் கோப்பும் அதற்குப் போகும். தேர்ந்தெடுத்த வரிகள் மட்டும் போக கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-ஆர்.

சிக்கல் வேறிடத்தில். திறந்திருக்கும்வரை ஷெல் எதையும் மறக்காது. 'மொத்தம்' என்ற மாறியைக் கோப்பில் அழித்தாலும் பழைய மதிப்பு ஷெல்லில் இருக்கும். நிரல் சரியாக ஓடுவதுபோலவே தெரியும். செய்முறைத் தேர்வில் புதிதாக ஓட்டும்போதுதான் 'இந்தப் பெயர் தெரியாது' என்னும் நேம்எரர் பிழை வரும், பாவம் பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். இம்போர்ட் செய்த, அதாவது நிரலுக்குள் வரவழைத்த, கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி இம்போர்ட் போட்டாலும் பைத்தான் அதைத் திரும்பப் படிக்காது, 'இம்போர்ட்லிப்.ரீலோடு' வேண்டும்.

ஆகவே, கோப்பை ஒப்படைக்கும் முன் 'எக்ஸிட்()' கொடுத்து, புதிய ஷெல்லில் ஒருமுறை முழுதாக ஓட்ட வேண்டும். இதைச் செய்முறை ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே பழக்கிவிட வேண்டுகிறோம். முடிவில்லாத வைல் சுழற்சியில் மாட்டினால் கணினியை அணைக்க வேண்டாம். ஷெல் ஜன்னலுக்குள் போய் அதே கன்ட்ரோல்-சி இருமுறை. அங்கே அதன் வேலை நிறுத்துவது.

கணினிப் பயிற்றுநர்கள் சிலர்,
தருமபுரி