ஞாயிறு கூடல்: செம்மண் புழுதி ஏற்றுதல்

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறு பிற்பகல் 3 மணி, கிளிநொச்சியில் வழமையான இடம். இம்முறை 1/24 அளவு மொரிஸ் மைனர் மாதிரிக் காருக்கு, கிரவல் வீதியில் ஓடியதுபோலப் புழுதி ஏற்றப்போகிறோம்.

மாரி தொடங்கிவிட்டது. ஈரக்காற்றில் லாக்கர் பூச்சு அடித்தால் வெள்ளை படர்ந்து மினுக்கம் கெட்டுவிடும். ஆகவே நல்ல வெயிலில் வீட்டிலேயே அடித்து, காயவைத்துக் கொண்டுவாருங்கள்.

முற்றத்து மண்ணை அப்படியே தூவ வேண்டாம். அரை மில்லிமீற்றர் மணல் இந்த அளவில் 12 மில்லிமீற்றர் கல். அது புழுதியல்ல, கல்வீச்சு! பழைய வேட்டித்துணியில் சலித்த செம்மண்ணை மென்தூரிகையால் மட்காட்டின் உட்புறமும் கதவின் அடியிலும் மட்டும் தடவி, மேலே மினுக்கமில்லாத வார்னிஷ் அடித்தால் போதும்.

தேநீர் உண்டு. கத்தியும் மண்தாளும் அவரவர் பொறுப்பு. சென்றமுறை இரவல் போன கத்தி இன்னும் திரும்பவில்லை.