அக்டோபர் 11 கண் முகாமுக்கு இன்னும் 1,64,500 ரூபாய் வேண்டும்: ஊராருக்கும் வெளியூர்வாழ் சொந்தங்களுக்கும் வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் இலவசக் கண் சிகிச்சை முகாம் இந்த ஆண்டு அக்டோபர் 11 ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் பள்ளிக்கூட வளாகத்தில் நடக்கிறது. இது 41-வது முகாம். டாக்டர்கள் வருவது உறுதியாகிவிட்டது, பந்தலுக்கும் சொல்லியாயிற்று. கண்ணாடிக்குத்தான் பணம் இல்லை. செப்டம்பர் 15-க்குள் பாதித் தொகையைக் கட்டினால்தான் முகாமுக்கு முந்தின நாள் சரக்கு வந்து சேரும். அதை விட்டால் வருகிறவர்களுக்குக் கண்ணைப் பார்த்துச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறிக் கண்ணாடி வாங்குகிற நிலையில் இருக்கிறவர்கள் நம் முகாமுக்கு ஏன் வரப்போகிறார்கள்?

சில பேர் கேட்கிறார்கள், "கண் ஆபரேஷன்தான் அரசாங்கமே இலவசமாகச் செய்கிறதே, உங்களுக்கு எதற்குப் பணம்?" என்று. நியாயமான கேள்வி. கண்புரை ஆபரேஷனுக்கு நாம் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. திருநெல்வேலியிலிருந்து வரும் மருத்துவமனைக் குழு பரிசோதித்து, தேவைப்பட்டவர்களைத் தங்கள் வண்டியிலேயே அழைத்துப் போய், லென்ஸ் வைத்து, சாப்பாடு போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. ஆனால் முகாமுக்கு வருகிற 1,200 பேரில் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது ஒரு கண்ணாடி. அதுவும் பாதிக்கு மேல் வெறும் வெள்ளெழுத்துக் கண்ணாடி.

வெள்ளெழுத்து நோய் இல்லை. நாற்பது வயது தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பது மங்கும். ஏழை பணக்காரன் பார்க்காமல் எல்லாருக்கும் வரும். ஆபீஸில் இருப்பவர் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பீடி சுற்றுகிற நம் ஊர்ப் பெண்களுக்கு அது கூலியில் விழுகிற அடி. இலையை அச்சு வைத்து வெட்ட வேண்டும், தூளை அளவாக வைத்துச் சுருட்ட வேண்டும், நூல் கட்ட வேண்டும், வாய் மடக்க வேண்டும். எல்லாம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஒரு முழத் தூரத்தில் செய்கிற வேலை. கண் மங்கினால் நூல் நழுவும், வாய் பிரியும், பீடிக்கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்துக் கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். கழிவுக்குக் கூலி கிடையாது. இலைக்கும் தூளுக்கும் நம் கணக்கில் பற்று எழுதுவார்கள். பீடித் தொழிலாளி என்பதற்கான பாஸ் புத்தகம் இல்லாமல் அடுத்தவர் பெயரில் சுற்றுகிறவர்களுக்குத் தொழிலாளர் நல உதவி எதுவும் எட்டாது. பீடி நல்ல தொழிலா என்பது வேறு பேச்சு. இன்றைக்கு நம் ஊரில் அடுப்பு எரிவது அதில்தான்.

அசாமில் தேயிலை பறிக்கிற, நாற்பது வயது கடந்த தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளிவந்த அந்த ஆய்வில், கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுதலாகப் பறித்தார்கள். மருந்து இல்லை, ஊசி இல்லை. வெறும் கண்ணாடி.

போன ஆண்டு முகாமில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து அட்டை காட்டிப் பயனில்லை என்பதால், நம் மேஜையில் ஒரு சுளகில் புழுங்கல் அரிசியும் பக்கத்தில் பீடி நூலும் வைத்திருப்போம். மேலத்தெரு ஆச்சி ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஆச்சி சுருட்டிப் போடுகிற பீடிக்கு நூல் கட்ட ஆள் வேண்டுமே. ஒன்றரைப் பவர் வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. இரண்டரை வைத்ததும் ஆச்சி சுளகைப் பார்க்காமல் முதலில் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் குனிந்து அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி விரல் நுனியில் வைத்து, "இம்புட்டு நாளும் இந்தக் கல்லத்தானா தின்னுக்கிட்டு இருந்தோம்?" என்றார். மேஜையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள், ஆச்சியும் சிரித்தார். பேத்தி மட்டும் அழுதது. இப்போது அந்தப் பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் போகிறது. அந்தக் கண்ணாடியின் விலை அன்றைக்கு 95 ரூபாய்.

இளைய தலைமுறைக்கு இந்த முகாம் எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும். மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி ஐயா, நம் கரிசல் சீமையில் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தில் விரல்களெல்லாம் கோணிப்போன பிறகும் அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, தன் ஆயுளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அவர் கிராமம் கிராமமாக முகாம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் நம் பெரியவர்களுக்கும் அந்த எண்ணம் வந்தது.

முதல் முகாம் 1984-ல் நடந்தது. அப்போது ஆபரேஷனே இங்கேதான். வகுப்பறையைக் கழுவி வெள்ளையடித்து, ஜன்னலுக்கு வேட்டி கட்டி, பெட்ரோமாக்ஸைத் தயாராக வைத்துக்கொண்டு நடத்தினார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களை வராந்தாவில் வரிசையாகப் பாயில் படுக்க வைத்து, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்ன மணல் மூட்டை. ஆற்று மணலை அரித்துக் காயவைத்து அந்த மூட்டைகளைத் தைத்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். ஒரு வாரம் கஞ்சி ஊட்டி, கை பிடித்துக் கக்கூசுக்கு அழைத்துப்போனவர்கள் இன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நம் தாத்தாக்கள். இந்தத் தெருவுக்கு அந்தத் தெரு ஆகாது என்றிருந்த காலம் அது. அந்த வராந்தாவில் எல்லாத் தெருவும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தது. இந்த ஊர் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவுமே இல்லையென்றாலும் இது ஒன்று போதும்.

அந்தக் காலத்தில் புரையை எடுத்துவிடுவார்கள், உள்ளே லென்ஸ் வைக்க முடியாது. வெளிநாட்டு லென்ஸ் யானை விலை. அதனால் சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி கனத்த கண்ணாடியோடு பாட்டிமார் நடமாடினார்கள். 1992-ல் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகு விலை இறங்கி, ஏழைக்கும் லென்ஸ் கிடைத்தது. இன்றைக்குப் புரை ஆபரேஷன் கால் மணி நேர வேலை. இருந்தும் நம் நாட்டில் ஐம்பது வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு புரையால்தான் என்று 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. காரணம் பயம், துணைக்கு ஆள் இல்லாமை, அப்புறம் "நன்றாக முற்றட்டும்" என்று காத்திருப்பது. முற்ற வேண்டியதில்லை. அளவுக்கு மீறி முற்றினால் கண்ணில் அழுத்தம் ஏறி, வலி வந்து, பார்வையே போகலாம். பச்சிலைச் சாறு, தாய்ப்பால் என்று எதையாவது கண்ணில் விட்டுக் கருவிழியைப் புண்ணாக்கிக்கொள்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். வெள்ளெழுத்துக் கண்ணாடி 900, ஒன்று 120 ரூபாய் வீதம் 1,08,000. தூரத்தில் இருப்பதைப் பார்க்க ஆளுக்கு ஏற்றபடி பவர் பார்த்துச் செய்கிற கண்ணாடி 350, ஒன்று 380 வீதம் 1,33,000. ஆபரேஷன் ஆனவர்களை ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகிற வேன், துணைக்குப் போகிறவர்கள் செலவு 24,000. பந்தல், நாற்காலி, மைக், நோட்டீஸ், ஆட்டோ விளம்பரம் 31,000. 1,200 பேருக்கு மதியச் சாப்பாடு 48,000. மொத்தம் 3,44,000 ரூபாய். கையில் இருப்பது 1,79,500. துண்டு விழுவது 1,64,500.

ஏன் இவ்வளவு துண்டு விழுகிறது? ஒவ்வோர் ஆண்டும் பெயர் போடக்கூடாது என்று சொல்லியே 1 லட்சம் ரூபாய் தந்துவந்த பெரியவர் பங்குனி மாதம் காலமாகிவிட்டார். பத்தொன்பது வருடம் தந்தார். ரசீதுகூடக் கேட்டதில்லை. முகாம் அன்று காலையில் வந்து பந்தலின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் பிள்ளைகள் தொடர்ந்து தரவேண்டும் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதர் சுமந்ததை ஒரு ஊர் சுமக்க முடியாதா?

தந்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே கேட்பது முறையில்லை. தம் முதல் மாத ஓய்வூதியத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்த ஆசிரியருக்கு நன்றி. துபாயிலும் தம்மாமிலும் வெயிலில் நின்று சம்பாதித்து, ஆளுக்கு ஆயிரம் என்று சேர்த்து 42,000 அனுப்பிய பிள்ளைகளுக்கு நன்றி. மும்பையில் கடை வைத்திருக்கும் நம் ஊர் அண்ணாச்சிமாருக்கும், சமையல் பாத்திரத்தை வாடகை வாங்காமல் தரும் பாய் வீட்டுக்கும், ஜும்மா முடிந்ததும் வாசலில் துண்டு விரிக்க அனுமதித்த ஜமாத்தாருக்கும், ஞாயிறு காணிக்கையில் ஒரு நாளை ஒதுக்கிய சபையாருக்கும், உண்டியல் வைக்க இடம் தந்த டீக்கடைக்காரருக்கும் நன்றி. கீழத்தெருப் பெண்கள் ஆயிரம் பீடிக்கு ஒரு ரூபாய் என்று டின்னில் போட்டுவந்து, போன வாரம் 6,340 ரூபாயை எண்ணி வைத்தார்கள். அந்தச் சில்லறையை வாங்கும்போது எங்கள் பொருளாளர் எழுந்து நின்றுதான் வாங்கினார்.

இப்போது மனம் கோணாமல் ஒன்று சொல்கிறோம். நம் ஊர் 412 தலைக்கட்டு. அம்மன் கொடைக்கு வரி என்றால் ஒரு வீடு பாக்கி இருக்காது. இருக்கவும் கூடாது. கண்வலி வந்தால் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் சாத்துகிற மக்கள் நாம். தன் கண்ணையே பிடுங்கி அப்பிய கண்ணப்பரைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் போன ஆண்டு முகாமுக்குத் தந்த வீடு 167தான். மைக்கில் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு இன்னும் தராதவர்கள் 38 பேர், அந்த வகையில் 41,000 ரூபாய் நிற்கிறது. பெயர் வாசிக்க மாட்டோம். அவரவருக்குத் தெரியும். அதில் சிலருடைய தாயார் நம் முகாமில்தான் கண் பெற்றார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

தலைக்கட்டுக்கு 400 ரூபாய் என்றால் இந்தத் துண்டு அடைந்துவிடும். முடியாத வீடுகள் இருக்கின்றன, அவர்களிடம் கேட்கமாட்டோம். வெளியூரில் வசதியாக இருப்பவர்கள் அவர்களுக்கும் சேர்த்து இரண்டு மூன்று பங்காகத் தர வேண்டும். 120 ரூபாய் தந்தாலும் ஒரு ஆச்சியின் கண்ணாடி. பிறந்த நாள், நினைவு நாள் என்று எதன் பேரிலும் தரலாம்.

பழைய கண்ணாடிகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். நல்ல மனதோடுதான் தருகிறீர்கள், ஆனால் ஒருவர் பவர் இன்னொருவருக்குப் பொருந்துவது அபூர்வம். ஐந்து வருடத்துக்கு முன் விலை குறைவு என்று ஒரு கடையில் வாங்கி ஏமாந்தோம். பவர் என்ன எழுதியிருந்தாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே கண்ணாடி. தலைவலி என்று எத்தனையோ பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் இப்போது கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து, வந்த சரக்கை மருத்துவமனை ஆட்களிடம் சோதித்து வாங்குகிறோம்.

குழு உறுப்பினர்கள் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு முதல் தெருத் தெருவாக ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வெளியூர்க்காரர்கள் நம் ஊர்க் கூட்டுறவு வங்கியில் குழுவின் கணக்கில் செலுத்தலாம், கணக்கு எண்ணை வீட்டாரிடம் கேட்டால் ரசீதைப் பார்த்துச் சொல்வார்கள். வரவு செலவு முழுவதும் முகாம் முடிந்த மறு ஞாயிறு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்படும். 1984 முதல் ஒட்டாமல் விட்டதில்லை.

முகாமுக்கு வருகிறவர்கள் ஆதார் அட்டை, சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, பழைய கண்ணாடி இருந்தால் அது, இவற்றைக் கொண்டுவரவும். காலை 8 மணிக்குப் பெயர் பதிவு ஆரம்பிக்கும். நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஆட்டோ அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
இலவசக் கண் சிகிச்சை முகாம் குழுவினர்