மார்க்கர் பட்டியலைத் தப்பாகத் தரும் ஸ்கிரிப்ட் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: ஆண்டுச் சந்தாதாரர், சுங்கை சிப்புட், பேராக்

ஐயா / அம்மா,

உங்கள் அனிமேஷன் மென்பொருளில் சிறுவர்களுக்கான தோட்டத்துக் கதைகளைத் தமிழில் படமாக்கி வருகிறேன். வசனம் தொடங்கும் இடத்திலெல்லாம் டைம்லைனில் (படத்தின் நேரக்கோட்டில்) ஒரு மார்க்கர், அதாவது அடையாளக் குறி வைத்து, வசனத்தையே அதற்குப் பெயராக எழுதிவிடுவேன். அந்தப் பட்டியல், ஒவ்வொரு வசனமும் தொடங்கும் நேரத்தோடு சேர்த்து, ஈப்போவில் குரல் பதிவு செய்பவருக்குப் போக வேண்டும். அவரிடம் உங்கள் மென்பொருள் கிடையாது. எக்செல்லில் திறக்கிற ஒரு கோப்பு இருந்தால் போதும்.

மெனுவில் அதற்கு வழியே இல்லை. கேட்டதற்கு உங்கள் உதவிப் பிரிவு, பட்டியலைக் கோப்பாக எழுதித் தரும் ஒரு ஸ்கிரிப்டை (சிறு நிரலை) அனுப்பியது. சரி, அதாவது ஒழுங்காக வேலை செய்ய வேண்டாமா?

என் படம் விநாடிக்கு 25 ஃபிரேம். மலேசியத் தொலைக்காட்சிக்கு அதுதான் வழக்கம். அந்தக் கணக்கில் 1,500 ஃபிரேம் என்றால் சரியாக ஒரு நிமிடம். ஸ்கிரிப்டோ 62.5 விநாடி என்கிறது. திறந்து பார்த்தால், படத்தின் வேகத்தைப் பார்க்காமலே 24ஆல் வகுக்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தாவது நிமிடத்தில் பிசகு 25 விநாடி. பாட்டி பேச வேண்டிய இடத்தில் பேரன் பேசிக்கொண்டிருப்பான்.

தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறிகளாக வருகின்றன. கோப்பை, தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுத வேண்டும். அதை எக்செல் கண்டுகொள்ள, கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளக் குறியும் வேண்டும். "வாடா, மங்கு தொடைக்கலாம்" (மங்கு: ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) என்ற வசனத்தை ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்த்தேன். கோப்பில் கட்டங்களைப் பிரிப்பதே காற்புள்ளி என்பதால் வசனம் அங்கே உடைந்து, 'மங்கு' என்ற பகுதி நேரத்துக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்தது. பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து எழுதினால் தீர்கிற விஷயம் இது.

இதற்கு உங்கள் பதில்: மார்க்கர் பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள், ஸ்கிரிப்டை நீங்களே திருத்திக்கொள்ளலாம். தமிழில் பேசப் போகிறவர் தமிழில்தானே படிப்பார்? கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரியும் என்பதால் திருத்தவும் செய்தேன். (முறைப்படி நான்தான் உங்களுக்கு பில் அனுப்ப வேண்டும்.) அப்புறம் வந்த அப்டேட் என் திருத்தத்தை அழித்துவிட்டு, பழைய 24ஐயே திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

மேலே சொன்ன மூன்றையும் சரிசெய்த ஸ்கிரிப்ட் இரண்டு வாரத்துக்குள் எனக்கு வேண்டும். அப்டேட் வரும்போது பயனரின் ஸ்கிரிப்ட் கோப்புறையைத் தொடக் கூடாது. முடியாதென்றால் சந்தாவில் மீதமுள்ள மாதங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

மாதிரிப் படக் கோப்பையும் நான் திருத்திய ஸ்கிரிப்டையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்