ஸ்பிரிங் எண்ணை மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தினமும் ரோட்டில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரை ரேஸ் டிராக்கிலும் ஓட்ட வேண்டுமென்றால் எந்த ஸ்பிரிங் போடலாம் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுதுபவர்களே குறைவு, அதனால் ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் முன்னால் 10 கிலோ, பின்னால் 8 கிலோ போட்டால் சரியாக இருக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எந்தக் காருக்கு, எவ்வளவு எடைக்கு, எந்த டயருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அதை நம்பி யாராவது காசைக் கொட்டிவிடுவார்களே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

10 கிலோ என்றால் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம். இது ஸ்பிரிங்கின் கணக்கு, டயருக்குப் போய்ச் சேரும் கணக்கு வேறு. சக்கரம் 10 மில்லிமீட்டர் மேலே ஏறும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பது காருக்குக் கார் மாறும். மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஆட்டத்தை அடக்கும் டேம்பரும் ஒரே தூணாகச் சக்கரத்தோடு இணைந்த அமைப்பு) உள்ள காரில் சுமார் 9.5, டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) உள்ள காரில் 7 மில்லிமீட்டராகக்கூட இருக்கலாம். இதைத்தான் மோஷன் ரேஷியோ என்கிறார்கள். ஸ்பிரிங் எண்ணை இந்த விகிதத்தால் இரண்டு தடவை பெருக்க வேண்டும், ஏனென்றால் இடையில் இருக்கும் கை தூரத்தையும் குறைக்கிறது, விசையையும் குறைக்கிறது. அதனால் 10 கிலோ ஸ்பிரிங் முதல் காரின் சக்கரத்தில் 9 கிலோவாகவும் இரண்டாவது காரில் 4.9 கிலோவாகவும்தான் வேலை செய்யும்.

இப்போது எடையைச் சேருங்கள். சக்கரம், பிரேக் எல்லாம் போக ஒரு மூலையில் 310 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4.9 கிலோ என்றால் அந்த மூலை வினாடிக்கு ஏறக்குறைய 2 தடவை ஆடும், அதாவது 2 ஹெர்ட்ஸ். 9 கிலோ என்றால் 2.7 ஹெர்ட்ஸ். சாதாரணக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், ரோட்டு டயரோடு டிராக்குக்குப் போகும் காருக்கு 2 ஹெர்ட்ஸ் பக்கம் நல்ல இடம், 2.5-ஐத் தாண்டினால் அது வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர் போட்ட ரேஸ் காரின் உலகம். ஒரே ஸ்பிரிங், ஒரே எடை, ஒரு கார் அருமையாகப் போகிறது, இன்னொன்று கொஞ்சம் கரடுமுரடான வளைவிலேயே துள்ளித் துள்ளி டயரின் பிடியை விடுகிறது!

கடினமான ஸ்பிரிங் போட்டால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும் பாரம் குறைந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். குறையாது. மொத்தம் எவ்வளவு பாரம் மாறும் என்பதைக் காரின் எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலம், வளைவில் எவ்வளவு வேகம் என்பவைதான் முடிவு செய்கின்றன. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் ஸ்பிரிங்கும், கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும் செய்கிற வேலை. கார் சாய்வது குறையும், ஸ்டீயரிங்குக்கு உடனே பதில் வரும், ஸ்ட்ரட் காரில் டயர் சாய்ந்து ஓரத்தில் தேய்வதும் குறையும், அதெல்லாம் உண்மையான லாபம்தான். ஆனால் ஒரு அளவுக்கு மேல் போனால் டயர் தரையில் படிந்து ஓடாது. மழையில் இது இன்னும் மோசம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது என்று புலம்புகிற பல கார்களில் உண்மையான பிரச்சினை பம்ப் ஸ்டாப், அதாவது டேம்பர் முழுக்க அமுங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர். காரை 40 மில்லிமீட்டர் இறக்கிவிட்டு ஸ்பிரிங்கைக் கொஞ்சம்தான் கூட்டியிருப்பார்கள், வளைவுக்குள் போனதும் டேம்பர் அந்த ரப்பரில் போய் முட்டும், அந்த நொடியில் அந்த மூலை பல மடங்கு கடினமாகிவிடும், கார் சட்டென்று வழுக்கும். கண்டுபிடிப்பது சுலபம். டேம்பர் தண்டில் ஒரு ஜிப் டையை லேசாகச் சுற்றி டேம்பரின் உடலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, சில சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், அது எங்கே நிற்கிறதோ அதுவரை டேம்பர் அமுங்கியிருக்கிறது. ரப்பரில் ஒட்டி நின்றால் காரின் உயரத்தையும் டேம்பர் அமுங்கும் தூரமான ஸ்ட்ரோக்கையும் முதலில் சரி செய்ய வேண்டும்.

டேம்பரைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. ஸ்பிரிங்கை இரண்டு மடங்காக்கிவிட்டுப் பழைய டேம்பரையே வைத்தால் அதன் அடக்கும் திறன் முன்பிருந்த விகிதத்தில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். மேட்டில் ஏறி இறங்கியதும் கார் ஓய்வதற்குள் முன்பைவிட அதிக தடவை ஆடும். வாங்குவதென்றால் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

முன், பின் ஸ்பிரிங்குகளின் விகிதத்துக்கு, 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பொறியாளர் மாரிஸ் ஆலி சொன்ன பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆட வேண்டும் என்கிற யோசனை ரோட்டுச் சவாரிக்கு இன்றும் நல்ல தொடக்கம். டிராக்கில் காரின் போக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு எண்ணை அச்சிடும்போது நான்கு மூலைகளின் எடை, மோஷன் ரேஷியோ, டயரின் வகை மூன்றையும் பக்கத்திலேயே போடுங்கள். கட்டுரை எழுதியவரிடம் அந்தக் காரின் விவரங்கள் இருந்தால் அடுத்த இதழிலேயே வெளியிடலாம், வாசகர்கள் தங்கள் காருக்குத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்