கியர் சிக்கினால் முதலில் ராடைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் பழைய கார் பராமரிப்பு பற்றி வந்த குறிப்பில், ஸ்டியரிங் கியர் (ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் லீவர் இருக்கும் அமைப்பு) அடிக்கடி சிக்கினால் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் லீவர் தரையிலிருந்து எழும் ஃப்ளோர் கியராக மாற்றிவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் இதை நம்பிக் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது. ஸ்டியரிங் கியரில் வரும் சிக்கலில் பெரும்பகுதி கியர்பாக்ஸ் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. ஸ்டியரிங் தண்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் போகிற ராடு (கம்பி), புஷ் (துளைக்குள் இருக்கும் உறை), பின் (மூட்டைக் கோக்கும் ஆணி) இவற்றில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

ஃப்ளோர் கியரில் லீவர் நேரே பெட்டிக்குள் இறங்குகிறது. ஸ்டியரிங் கியரில் அப்படியில்லை. லீவருக்கு இரண்டு அசைவு. நம் பக்கம் இழுப்பதும் டேஷ்போர்டு பக்கம் தள்ளுவதும் ஃபர்ஸ்ட்-செகண்டா, தேர்டு-டாப்பா (டாப் என்பது நான்காவது) என்று வரிசையைத் தேர்ந்தெடுக்கும். மேலே கீழே அசைப்பது கியரைப் போடும். இந்த இரண்டு அசைவும் ஸ்டியரிங் தண்டை ஒட்டி இறங்கி, அடியில் சின்னக் கைகள் (நெம்புகோல்கள்) வழியாகத் தனித்தனியே பெட்டிக்குப் போகின்றன. மாடலுக்கு மாடல் ராடு போகும் வழி மாறலாம், வேலை இதுதான். வழியில் எத்தனை மூட்டு இருக்கிறதோ அத்தனை இடத்தில் தேய்மானம். மூட்டுக்கு அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் ஐந்து மூட்டில் இரண்டரை மில்லிமீட்டர். அடியில் இருக்கும் கையைப்போல் மேலே லீவர் ஐந்து மடங்கு நீளம் என்று வைத்தால், கைப்பிடியில் அது ஒன்றேகால் சென்டிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். அதற்கு மேல் போனால் பெட்டிக்குள் கியரைத் தள்ளும் விரல் போன்ற துண்டு சரியான காடியில் (பள்ளத்தில்) உட்காராமல் இரண்டு காடிக்கும் நடுவில் நின்றுவிடும். கியர் பூட்டிக்கொண்டது என்று டிரைவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நம் பக்கத்து மண் இதை வேகப்படுத்துகிறது. ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வழியில் ஓடும் வண்டியின் அடியில் படியும் தூசியையும், திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மண்ணையும் நினைத்துப் பாருங்கள். ராடு முனையில் அப்பியிருக்கும் கிரீஸோடு அந்த மண் சேர்ந்தால், அது வால்வு அரைக்கும் பேஸ்ட் மாதிரி பின்னையும் துளையையும் அரைத்துவிடும். உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பின் துருப்பிடித்து இறுகுவது தனிக் கதை. கிரீஸை அள்ளி அப்பினால் நல்லது என்ற நினைப்பு இங்கே தவறு. பழையதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்தால் போதும். ரப்பர் புஷ் இருக்கும் மூட்டில் சாதா கிரீஸே ஆகாது, ரப்பர் ஊதிப்போய்ப் பிய்ந்துவிடும்.

குறை எங்கே என்று பிரித்தறிய மூன்று சோதனை போதும். முதலாவது, இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிற்கும்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரவென்று அடித்தால் ராடில் குற்றமில்லை, கிளட்ச் முழுதாக விடவில்லை. பெடல் ஆட்டத்தையும், ஆயில் கிளட்ச் என்றால் சிலிண்டர் கசிவையும் பாருங்கள். நிற்கும்போதே கியர் சிக்கினால் இரண்டாவது சோதனை. பெட்டிப் பக்கம் இரண்டு ராடையும் கழற்றிவிட்டு, பெட்டியின் கைகளை நேரே கையால் அசையுங்கள். ஒவ்வொரு கியரும் டக், டக் என்று தெளிவாக விழுந்தால் பெட்டி நல்ல பெட்டி, அதை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவது, ராடு கழன்றிருக்கும்போதே மேலே லீவரை அசையுங்கள். அப்போதும் கனமாக இருந்தால் தண்டை ஒட்டிப் போகும் ஷாஃப்டின் புஷ் வறண்டிருக்கிறது, அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது.

இடையில் ஒன்று. இந்த வண்டிகளின் பழைய நான்கு கியர் பெட்டியில் ஃபர்ஸ்டுக்கு சிங்க்ரோமெஷ் (வேகத்தைச் சமன் செய்து கியரைச் சத்தமில்லாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது ஃபர்ஸ்ட் போட்டால் சத்தம் வரத்தான் செய்யும். அதற்காக ராடைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆட்டம் எந்த மூட்டில் என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து லீவரை மெதுவாக, கியர் விழாத அளவுக்கு இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றவர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் இந்தப் பக்கம் அசைந்தும் அந்தப் பக்கம் ஒரு கணம் தாமதிக்கிறதோ, அதுதான் இடம். அந்தப் பின்னைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் ஒரு பக்கம் மட்டும் பிறைபோலத் தேய்ந்து பளபளக்கும், துளை முட்டை வடிவமாகியிருக்கும். பின்னை மட்டும் புதிதாகப் போட்டு முட்டைத் துளையை அப்படியே விட்டால் சில மாதத்தில் பழைய கதைதான்.

ஸ்பேர் கிடைக்கவில்லை என்பது சரியான சாக்கு அல்ல. துளையை வட்டமாக ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) விட்டுப் பெரிதாக்கி, அதற்கு ஒரு பித்தளை புஷ் கடைந்து தட்டி இறக்குவது எந்த லேத் பட்டறையிலும் நடக்கும். பின் விரலால் தள்ளினால் போக வேண்டும், ஆனால் ஆட்டம் தெரியக் கூடாது. துளையை வெல்டு வைத்து அடைத்துக் கண்மதிப்பில் டிரில் போடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் அளவு முழுதும் மாறிவிடும். பின் கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் இருந்த இடத்தில் ஆணியும் கட்டுக்கம்பியும் பார்த்தால் அன்றே மாற்றுங்கள். அது கழன்று விழுவது மலைப்பாதையில்தான் நடக்கும். இன்னொன்று, பழைய அம்பாசிடரில் அங்குல மரை, பத்மினியில் மில்லிமீட்டர் மரை. ஒன்றின் நட்டை மற்றதில் முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும்.

அட்ஜஸ்ட்மெண்டைத் தொடும் முன் இன்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டியரிங் தண்டு பாடியில் நிற்கிறது, பெட்டி ரப்பரின் மேல் நிற்கிறது. ரப்பர் நைந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜினும் பெட்டியும் சேர்ந்து சாயும், ராடு நீண்டதுபோலவும் குறைந்ததுபோலவும் ஆகும். பட்டறையில் அழகாக விழுந்த கியர், பாபநாசத்திலிருந்து காரையாறு ஏற்றத்தில் தானாக நழுவினால் முதல் சந்தேகம் இந்த ரப்பர்மேல் வர வேண்டும்.

இனி அட்ஜஸ்ட்மெண்ட். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். பழைய நிலையில் ராடு முனையில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு படமும் எடுங்கள். வேலை தப்பினால் திரும்பிவர அதுதான் வழி.

பெட்டிப் பக்கம் ராடுகளைக் கழற்றி, பெட்டியின் கைகளை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, உறுதி செய்ய (ஸ்டாண்டில் இருந்தால் வண்டியை இறக்கிவிட்டு) ஹேண்ட்பிரேக்கை விட்டுக் கட்டையைச் சற்று நகர்த்தி, வண்டியைக் கையால் ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். லேசாக உருண்டால் நியூட்ரல். ஹேண்ட்பிரேக்கும் கட்டையும் பழையபடி போட்டபின், மேலே லீவரை நியூட்ரலின் நடுவில் நிறுத்தி ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். கையால் பிடித்துக்கொள் என்று ஆளை வைத்தால் அவர் பேச்சு சுவாரஸ்யத்தில் நகர்த்திவிடுவார்.

வரிசையைத் தேர்ந்தெடுக்கும் ராடை முதலில் செய்ய வேண்டும், கியர் போடும் ராடு இரண்டாவது. மாற்றிச் செய்தால், விரல் காடியின் ஓரத்தில் உரசிக்கொண்டிருப்பதை ராடு நீளத்தின் குறை என்று நினைத்துத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். ராடு முனை திரும்பாமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ராடு முனையை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்புங்கள். துளையும் துளையும் நேராக வந்து, பின் தள்ளாமல் இழுக்காமல் விரலாலேயே உள்ளே போகும் இடம்தான் சரியான நீளம். சுத்தியல் தேவைப்பட்டால் அளவு தவறு. எவ்வளவு நீட்டினாலும், மரையின் விட்டம் அளவுக்காவது முனைக்குள் மரை இருக்க வேண்டும். அதற்கும் போதவில்லை என்றால் ராடு வளைந்திருக்கிறது. நேராக்க வேண்டியதுதான், மேலும் வளைத்துச் சரிக்கட்டுவது கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது இன்னொரு ஸ்பேனரால் ராடு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இறுக்கினால் முனை திரும்பி, மூட்டு சாய்வாக இழுத்து இறுகும்.

பிறகு சோதனை. ஒவ்வொரு கியரும் டக்கென்று விழுந்த பின்னும் லீவர் கொஞ்சம் கூடுதலாகப் போக இடம் இருக்க வேண்டும். மேலே இருப்பது போலவே கீழேயும் அந்த மிச்சம் இருக்க வேண்டும். தேர்டில் மிச்சம் இருந்து டாப்பில் டக் கேட்கும் முன்பே லீவர் முட்டி நின்றால், டாப் பாதிதான் விழுந்திருக்கிறது. டாப் பக்கமும் மிச்சம் கிடைக்கும்படி கியர் போடும் ராடில் அரைச் சுற்று கொடுங்கள். இந்தச் சமன் வந்துவிட்டால் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் கியர் வெளியே வராது.

வழியில் பூட்டிக்கொண்டால் லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள், ராடு வளையும். இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்து, தண்டின் அடியில் இருக்கும் கையைக் கையாலேயே நியூட்ரலுக்குத் தட்டிவிட்டால் விடுபடும். அது தற்காலிகம்தான்.

ஃப்ளோர் கியர் மாற்றம் பற்றி. இரண்டு வண்டியிலும் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸிஸ். ஃப்ளோர் கியருக்காக டன்னலை (கியர்பாக்ஸுக்கு மேல் தரையில் எழும்பியிருக்கும் பகுதியை) வெட்டுவது அந்த உடம்பையே வெட்டுவது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது கடந்த வண்டி அசல் நிலையில் இருந்தால் நம்பரில் விஏ (VA) எழுத்துள்ள விண்டேஜ் பதிவு பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். சேஸிஸிலோ பாடி ஷெல்லிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்தப் பதிவு உதவாது என்பது உண்மைதான். ஆனால் 1975-க்கு முந்தைய அம்பாசிடரை வெட்டும் முன் அதன் சொந்தக்காரர் இதைத் தெரிந்துகொண்டு வெட்டட்டும்.

பெட்டியே பழுதாகும் சந்தர்ப்பமும் உண்டு. ராடு கழற்றிய நிலையிலும் பெட்டியின் கை சிக்கினால், அல்லது மவுண்டிங்கும் அளவும் சரியான பிறகும் ஒரே ஒரு கியர் மட்டும் தொடர்ந்து நழுவினால், உள்ளே லாக் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கியரின் பல் முனை மழுங்கியிருக்கலாம். அப்போது இறக்குங்கள், நியாயம் இருக்கிறது.

புது புஷ் படிந்து உட்காரும் என்பதால் 500 கிலோமீட்டர் ஓடியதும் லாக் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வார இணைப்பின் குறிப்பை இந்த விவரங்களோடு திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கார் வேலை பார்க்கும் வாசகர்கள்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.